எட்டுக் கிராம் அரிசி

1951 ஜூன் மாதத்துக்குப் பிறகு மலாயாவின் பேராக்கில் ஒரு மூட்டை அரிசி நினைத்தபடி ஊர்விட்டு ஊர் போக முடியாது. ஈப்போவில் ஒரு கிடங்கிலிருந்து ரப்பர் தோட்டத்துக் கடைக்கு அது புறப்பட வேண்டுமென்றால், எத்தனை மூட்டை, யாருக்கு என்று எழுதிய சீட்டு வேண்டும். தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். குறித்த சாலையில், குறித்த நேரத்துக்குள் லாரி போய்ச் சேர வேண்டும். நடுவழியில் நிற்கக் கூடாது. வெடிமருந்துக்குச் செய்கிற காவலை அரசாங்கம் அரிசிக்குச் செய்தது.

அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் பிரிட்டிஷ் ராணுவம் காட்டுக்குள் கம்யூனிஸ்டு கொரில்லாக்களைத் தேடியது. அகப்பட்டவர்கள் கொஞ்சம், நழுவியவர்கள் அதிகம். ஆளைத் தேடுவதைவிட அவன் வயிற்றுக்குப் போகும் அரிசியைத் தேடலாம் என்ற புத்தி வந்த பிறகுதான் மலாயாப் போரின் போக்கு மாறியது. சில ஆயிரம் பேரை அடக்க ஒரு பேரரசின் படை ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் திணறியது என்பதற்குப் பல தளபதிகள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அந்த அரிசி மூட்டையின் பின்னாலேயே நடந்து போனால் இன்னும் சுருக்கமாக விளங்கிவிடும்.

மூட்டை முதலில் புறப்பட்ட இடம் பேராக் அல்ல. வடக்கே கிரியானில் நெல்வயல்கள் உண்டு. 1906இல் முடிந்த பாசனத் திட்டமும் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் அதற்காகவே. ஆனால் ரப்பரிலும் ஈயத்திலும் பணம் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மலாயா தன் சோற்றைத் தானே விளைவிக்க வேண்டும் என்ற அவசரம் இருந்ததில்லை. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிப் பணத்தில் விளைந்த நெல், ரங்கூனில் அரிசியாகி, பினாங்கில் இறங்கி, ரயிலேறித் தைப்பிங், கோலகங்சார், ஈப்போ என்று வந்து, கடைசியில் தோட்டத்து லயத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பில் வெந்தது. விளைய வைத்த பணமும் தமிழனுடையது, தின்ற வாயும் தமிழனுடையது. நடுவில் இருந்த கப்பல், ரயில், தோட்டம் மூன்றும் அவனுடையவை அல்ல.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. சிங்கப்பூர் அதற்கு முந்திய மாதமே போயிருந்தது. அரிசிக் கப்பல் நின்றது. தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டு நின்று, ஆண்களை சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு மரவள்ளிக் கிழங்கு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலையிழந்த சீனத் தொழிலாளர்கள், பசிக்கும் ஜப்பானிய ராணுவ போலீசுக்கும் பயந்து காட்டோரத்துக்குப் போனார்கள். மரத்தை வெட்டிக் கிழங்கும் காய்கறியும் போட்டார்கள், பன்றி வளர்த்தார்கள். பட்டா கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது, போலீஸ் நிலையம் கிடையாது. போர் முடிந்தபோது மலாயா முழுவதும் இப்படிக் காட்டு விளிம்பில் குடியிருந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம். பின்னாளில் அரசாங்கத்தைத் திணறடித்த காட்டோரக் குடிகளைக் கம்யூனிஸ்டுகள் உருவாக்கவில்லை. வராத அரிசிதான் உருவாக்கியது.

இவர்களுக்குப் பின்னால் காட்டுக்குள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை இருந்தது. கம்யூனிஸ்டு கட்சி நடத்திய படை. காட்டோரக் குடிகள் அதற்குச் சோறு போட்டார்கள். பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவு நீர்மூழ்கியில் ஆட்களை இறக்கியது. பிறகு விமானத்திலிருந்து துப்பாக்கியும் மருந்தும் போட்டது. ஜான் டேவிஸ் என்ற அதிகாரிக்கு நம்பகமான தொடர்பாளாக இருந்தவர் சித்தியவானில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரின் மகன். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. அவர்தான் சின் பெங். சில ஆண்டுகளில் அதே அரசு அவர் தலைக்கு விலை வைத்தது. உயிரோடு பிடித்துக் கொடுத்தால் இரண்டரை லட்சம் டாலர் என்பது வரை அந்த விலை ஏறியது.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், அரிசி உடனே திரும்பவில்லை. பங்கீடு சிறியது, கள்ளச் சந்தை விலை பெரியது, கூலி போருக்கு முந்திய நினைப்பிலேயே நின்றது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. தமிழர்கள் இதில் ஓரமாக நிற்கவில்லை. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, பேராக் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆர்.ஜி. பாலன். 1948 மே மாதத்திலேயே பாலனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்திய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் வெளிச்சத்தில் கேட்டுக்கொண்டிருந்த அரிசியை இருட்டில் கேட்பவர்கள் மட்டுமே பிறகு மிஞ்சினார்கள்.

1948 ஜூன் 16 காலை. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். எல்ஃபில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் தன் அலுவலகத்திலேயே கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும். பேராக்கின் சில பகுதிகளில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் இரண்டே நாளில் மலாயா முழுவதுக்குமானது.

முதல் இரண்டு ஆண்டுகள் ராணுவம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பெரிய பெரிய பிரிவுகளாகக் காட்டைச் சல்லடை போட்டது. நூறு பேர் வரிசையாக மூங்கிலை வெட்டிக்கொண்டு வரும் சத்தம் அரை நாள் முன்னாலேயே கேட்கும். தேடப்படுபவன் அடுத்த மேட்டில் இருப்பான். ராணுவம் திரும்பியதும் அவனும் திரும்புவான். ஆத்திரத்தில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆட்களை நாடு கடத்தினார்கள். 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதுவரை பயத்தில் அரிசி கொடுத்தவர்களில் சிலர் அதன் பிறகு மனமார இரண்டு பிடி கூடுதலாகக் கொடுத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர் உச்சத்தில் இருந்த 1951இல் காட்டில் இருந்த கொரில்லாக்கள் ஏறக்குறைய 8,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தால் மொத்தம் நான்கு டன். நான்கு டன் என்றதும் கண்ணில் படும் அளவாகத்தான் தோன்றும். லாரி வேண்டும், கிடங்கு வேண்டும், சுமக்க ஆள் வேண்டும். ஆனால் அதைக் காட்டோரத்தில் குடியிருந்த ஐந்து லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு எட்டுக் கிராம். இரண்டு தேக்கரண்டி. எல்லாரும் கொடுக்கவில்லை, பத்தில் ஒருவர்தான் கொடுத்தார் என்றாலும் எண்பது கிராம், ஒரு கைப்பிடிதான். உலகின் எந்த ராணுவத்திடமும் ஒரு வீட்டுப் பானையில் குறைந்த ஒரு பிடி அரிசியைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. விமானத்துக்கு அது தெரியாது, பீரங்கிக்கு எட்டாது.

அந்தப் பிடி அரிசிகளைச் சேர்த்து மூட்டையாக்கியவர்கள் மின் யுவென் என்ற மக்கள் அமைப்பினர். இவர்கள் காட்டில் இருப்பவர்கள் அல்ல. பகலில் பால் வெட்டுவார்கள், கடை வைத்திருப்பார்கள், பன்றிக்குத் தீனி எடுத்துப் போவார்கள். சந்தாவாகப் பணமும் அரிசியும் திரட்டி, ரப்பர் காட்டின் கடைசி வரிசையில் குறித்து வைத்த ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இரவில் வேறொரு கை எடுத்துப் போகும். கொடுத்தவனுக்கு வாங்கியவன் முகம் தெரியாது. பிடிபட்டாலும் சொல்ல ஒன்றுமில்லை.

கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்பதும் ராணுவத்துக்குப் புரிய நாளானது. சிலருக்குக் கட்சி மேல் நம்பிக்கை. சிலருக்கு உள்ளே அண்ணனோ மகனோ இருந்தான். மறுத்தால் கழுத்துக்குக் கத்தி வரும் என்பதால் கொடுத்தவர்கள் ஏராளம். கொரில்லாக்கள் கொன்ற பொதுமக்களில் தமிழ்க் கங்காணிகளும் கிராணிகளும் சாதாரணப் பால்வெட்டுத் தொழிலாளர்களும் உண்டு. ஒரே வீடு மூன்று காரணங்களுக்காகவும் மூன்று வெவ்வேறு நாளில் கொடுத்திருக்கலாம். போலீஸ் ஏட்டில் மூவகையினருக்கும் ஒரே பெயர்தான். இந்தக் குழப்பம் எல்லா நாட்டுக் கிளர்ச்சிகளிலும் உண்டு. பயந்து கொடுத்தவனை ஆதரவாளன் என்று அடித்தால் மறுநாள் அவன் ஆதரவாளனாகவே ஆகிவிடுகிறான்.

1950இல் வந்த ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸுக்கு இந்த எட்டுக் கிராம் கணக்கு புரிந்திருந்தது. மரத்தடியில் காத்திருந்து பயனில்லை. பானையையே நகர்த்த வேண்டும். காட்டோரக் குடிகளை லாரியில் ஏற்றி, கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய 480 கிராமங்கள். மிக அதிகமாகப் பேராக்கில். இன்று ஈப்போவைச் சுற்றி நகரத்தோடு ஒட்டிக்கிடக்கும் பல குடியிருப்புகளுக்கு நடுவில் எங்கோ அன்று ஒரு வாசற்கதவும் காவல் கோபுரமும் இருந்தன. அதோடு தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து, ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டிக் கம்பி போட்டார்கள். அப்படி இடம் மாறிய தொழிலாளர் ஆறு லட்சம் பேர் அளவில். புதுக்கிராமங்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய. தோட்டத்துக் கம்பி வேலியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. தமிழர்களுக்கு அது பழகிய இடத்திலேயே நடந்ததால் பெரிய இடப்பெயர்வாகத் தோன்றாமல் போயிற்று போலும். ஏற்கெனவே துரையின் நிலத்தில், துரையின் வீட்டில் இருந்தவர்கள். வேலி மட்டும் புதிது.

வேலி வந்த பிறகு அரிசிக்குப் புதிய சட்டங்கள் வந்தன. குடும்பத்துக்கு இத்தனை என்று அளவு, அதற்கு அட்டை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஏற்கெனவே படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை உண்டு. அதனால்தான் கொரில்லாக்கள் தோட்டங்களில் புகுந்தால் முதலில் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். கடைக்காரர் தகர டப்பாவில் அடைத்த மீனையோ பாலையோ விற்றால், வாங்குபவர் கண்முன் டப்பாவில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை விழுந்த டப்பா காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். அரிசி, சீனி, எண்ணெய், மருந்து, துணி எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில்.

காலையில் வாசலில் வரிசை நிற்கும். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார். பெண்களைச் சோதிக்கப் பெண்கள். சைக்கிள் குழாய்க்குள் அரிசி, காற்றடிக்கும் பம்புக்குள் அரிசி, இரட்டை அடி வைத்த பால் வாளியில் அரிசி, யாரும் கையை விட அருவருக்கும் பன்றித் தீனியின் அடியில் அரிசி. சோதனை கடுமையாகக் கடுமையாக அவமானமும் கூடியது. 1956இல் சிலாங்கூரின் செமினியில் பெண்களை உடை களையச் சொல்லிச் சோதித்தார்கள் என்ற புகார் விசாரணைக் குழு வரை போயிற்று.

பால்வெட்டுக்காரர்களுக்கு இதில் தனித் தொல்லை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, வெளுக்குமுன் முதல் மரம் என்பதுதான் தொழிலின் முறை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் ஒழுங்காக வடியும். ஊரடங்கு முடிந்து வாசல் திறக்கும் வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடும், பால் குறையும், எடைக்குக் கூலி வாங்குபவருக்குக் கூலியும் குறையும். நடவடிக்கை தீவிரமான இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிப் போகவும் தடை. பசியாற வேண்டிய நேரத்தில் வெறும் வயிற்றோடு மரத்துக்கு மரம் நடந்தார்கள். காட்டுக்குள் இருப்பவனைப் பட்டினி போட நினைத்த அரசாங்கம் முதலில் பட்டினி போட்டது வெளியே இருப்பவனைத்தான். இதை அந்தக் காலத்து அதிகாரிகளே உணர்ந்திருந்தார்கள், அதற்காக நிறுத்தவில்லை.

1952 மார்ச் 25. பேராக்கின் தெற்கு எல்லையில் தஞ்சோங் மாலிம். ஊருக்குத் தண்ணீர் வரும் குழாயைக் கொரில்லாக்கள் உடைத்திருந்தார்கள். சரிசெய்யப் போன கூட்டம் பதுங்கித் தாக்கப்பட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கேல் காட்னர், உதவி மாவட்ட அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவர் என்று இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்றவர். இரண்டு நாளில் புதிய ஹை கமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துத் திட்டித் தீர்த்தார். நாளில் 22 மணி நேர ஊரடங்கு. கடை திறக்க இரண்டே மணி நேரம். அரிசிப் பங்கீடு ஏறக்குறையப் பாதி.

அதன்பின் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். தெரிந்ததை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம். பூட்டிய பெட்டிகளில் அவற்றைச் சேர்த்து, ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னாலேயே கோலாலம்பூரில் டெம்ப்ளர் திறந்தார். சில டஜன் பேர் கைதானார்கள். இரண்டு வாரத்தில் ஊரடங்கு தளர்ந்தது. ஊரையே தண்டிப்பது என்ன நியாயம் என்று லண்டனில் கேள்வி எழுந்தது.

தஞ்சோங் மாலிமைப் பெரிய வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு, வெறும் கொடுமை என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தப் பூட்டிய பெட்டி. ஊரிலுள்ள எல்லா வீடும் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, எந்த வீடு காட்டிக் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மின் யுவென் மரத்தடியில் செய்ததை அரசாங்கம் பெட்டியில் செய்தது: கொடுத்தவன் முகத்தை மறைத்தது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ராணுவம் தர முடியாமல் இருந்த பாதுகாப்பு அதுதான். அரிசியைப் பாதியாகக் குறைத்தது மோசமான யோசனை. செய்யாத குற்றத்துக்குக் குழந்தைகளும் பட்டினி கிடந்தன. டெம்ப்ளரும் பிற்பாடு இந்த மாதிரித் தண்டனைகளைக் கைவிட்டார்.

இதற்குள் காட்டுக்குள்ளும் கணக்கு மாறியிருந்தது. 1951 அக்டோபரில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டார். உலகம் கொரில்லாக்கள் ஜெயிப்பதாக நினைத்தது. அதே மாதத்தில் கட்சி தன் ஆட்களுக்கு வேறொரு உத்தரவு அனுப்பியது. ரப்பர் மரங்களை வெட்டாதே, அடையாள அட்டைகளைப் பிடுங்காதே, பேருந்துகளை எரிக்காதே, மக்களைப் பகைக்காதே. அரிசி குறையத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பெரிய அணிகளைக் கலைத்து, சிறு சிறு கூட்டங்களாக உள்காட்டுக்கு நகர்ந்தார்கள்.

உள்காட்டில் அரிசி கிடையாது. தெமியார், செமாய் என்ற பூர்வகுடிகளின் மலை நெல்லும் மரவள்ளியும் உண்டு. அங்கேயும் அரசாங்கம் முதலில் தப்புத்தான் செய்தது. பூர்வகுடிகளைக் காட்டிலிருந்து கீழே கொண்டுவந்து முகாம்களில் அடைத்தது. வெக்கையிலும் நோயிலும் பலர் செத்தார்கள். தப்பியவர்கள் காட்டுக்கு ஓடி, கொரில்லாக்களோடு இன்னும் நெருக்கமானார்கள். 1953 முதல் போக்கை மாற்றி, கெமார், லெகாப் போன்ற இடங்களில் காட்டுக் கோட்டைகள் கட்டி, மருந்தையும் உப்பையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். கொரில்லாக்கள் தாங்களே போட்ட காய்கறித் தோட்டங்கள் மேல் அரசாங்கம் செடிகொல்லி தெளித்தது. அந்த மருந்துகளில் ஒன்றான 2,4,5-டி பத்தாண்டுகள் கழித்து வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சின் பாதியாயிற்று.

பழைய பழக்கமும் முழுதாகப் போய்விடவில்லை. 1954 ஜூலையில் ஈப்போவுக்குக் கிழக்கே கிந்தா, ராயா ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் டெர்மைட் நடவடிக்கை. லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் ஆயிரம் பவுண்டுக் குண்டுகளைப் போட்டன, பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை வீரர்கள் மரங்களின் மேலேயே பாராசூட்டில் குதித்தார்கள். நவம்பர் வரை நடந்த அதில் செத்த கொரில்லாக்கள் மிகச் சிலர். 

அரிசியின் கடைசி உருமாற்றம் பிறகு வந்தது. பச்சை அரிசியாகக் கொடுத்தால் ஒளித்து வைக்கலாம், மாதக்கணக்கில் கெடாது. சோறாகக் கொடுத்தால்? வேலிக்குள் பொதுச் சமையற்கூடம் வைத்து, மொத்தமாக ஆக்கி, அட்டையைக் காட்டிச் சோற்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மலாயா வெக்கையில் சோறு மறுநாளே ஊசிப்போகும். வீட்டில் ஒரு மணி அரிசி வைத்திருப்பது குற்றம். 1958இல் பேராக்கில் தொடங்கிய ஜிஞ்சர் நடவடிக்கையில் இந்த முறையைப் பெரிய பரப்பில், பல மாதங்கள் விடாமல் கடைப்பிடித்தார்கள். தன் அடுப்பில் தன் அரிசியைத் தான் விரும்பியபடி வேக வைக்கும் உரிமை போவது என்றால் என்ன என்பது சமைப்பவளுக்குத்தான் தெரியும். அந்த மாதங்களில் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கவும் அவள் வரிசையில் நின்றாள்.

காட்டில் பசி முற்றியது. பசித்தவன் வேலியருகே வருவான். எந்த வழியாக வருவான் என்பது காட்டிக்கொடுப்பவர்கள் மூலம் முன்கூட்டியே தெரியும். அங்கே சிறு பதுங்கு அணி காத்திருக்கும். ஆயிரம் பேர் தேடிக் கண்டுபிடிக்காதவனை ஆறு பேர் உட்கார்ந்தே பிடித்தார்கள். அதே 1958இல் தெலுக் ஆன்சன் சதுப்புக்காட்டில், இன்றைய தெலுக் இந்தானுக்கு அருகில், ஆ ஹொய் என்பவரின் கூட்டம் சுற்றி வளைக்கப்பட்டுச் சரணடைந்தது.

ஆனால் வேலி மட்டுமே இதைச் செய்தது என்று சொன்னால் பாதிக் கதைதான். கொடுப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி, 1950, 51இல் கூலியும் வேலையும் கூடின. புதுக்கிராமத்துக் குடிகளுக்கு வீட்டு மனையும் பள்ளியும் குடியுரிமையும் கிடைக்கத் தொடங்கின. தோட்டங்களில் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கணபதி தூக்கிலேறிய பிறகு காலியாக இருந்த இடத்தில் பி.பி. நாராயணன் நின்றார். அவசரகாலம் பிறந்த அதே சுங்கை சிப்புட்டில் 1954இல் தமிழ் அரசியல் தலைவர் சம்பந்தன் கட்டிய மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு தேர்தல்; சம்பந்தன் அமைச்சர். 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம். வெள்ளைக்காரனை விரட்ட ஒரு பிடி அரிசி கொடு என்று கேட்க இனி யாருக்கும் முகம் இல்லை.

அதற்கு முன்பே ஒரு முறை பேசிப் பார்த்தார்கள். 1955 டிசம்பரில் சின் பெங் மேல் பேராக்கின் கிளியான் இந்தான் அருகே காட்டிலிருந்து வெளியே வந்தார். அழைத்துப் போக நின்றவர் பழைய ஜான் டேவிஸ். கூட வந்தவர்களில் ரஷித் மைதின் கோப்பெங்காரர். கெடாவின் பாலிங்கில் இரண்டு நாள் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமானோடு பேச்சு. கட்சியை அங்கீகரிக்க துங்கு மறுத்தார், சரணடைய சின் பெங் மறுத்தார். வந்த வழியே காட்டுக்குத் திரும்பினார்.

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. செத்த கொரில்லாக்கள் 6,710, பாதுகாப்புப் படையினர் 1,865, பொதுமக்கள் 2,473. உச்சத்தில் 8,000 பேருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர்கள்: காமன்வெல்த் படையினர் 40,000 வரை, ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் உட்படப் போலீசார் அறுபதாயிரத்துக்கு மேல், ஊர்க்காவலர் இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு கொரில்லாவுக்கு நாற்பது பேர் என்ற விகிதம் கூடச் சரியான படமல்ல, ஏனென்றால் அந்த நாற்பதில் பெரும்பாலோர் சுட்டதே இல்லை. வாசலில் நின்று வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

மலாயாவில் வேலை செய்த மருந்து எங்கும் வேலை செய்யும் என்று நம்பிய பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் தாம்ஸன் 1960களின் தொடக்கத்தில் தெற்கு வியட்நாமின் சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். அங்கேயும் வேலி போட்ட கிராமங்கள் அமைத்தார்கள், ஆயிரக்கணக்கில். ஓரிரு ஆண்டிலேயே சரிந்தன. அவசரம், ஊழல், இடம் மாற மறுத்த விவசாயிகள் என்று காரணங்கள் பல. ஆனால் அரிசியின் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மலாயாவின் சோற்றில் பெரும் பங்கு கப்பலில் வந்தது. துறைமுகம், ரயில், கிடங்கு, கடை என்று நான்கு கழுத்துகள், எதை வேண்டுமானாலும் இறுக்கலாம். மேக்கோங் கழிமுகத்தில் அரிசி காலடியிலேயே விளைந்தது. விளைகிற நிலத்தில் வேலி போட்டு அரிசியைத் தடுக்க முடியாது. அத்தோடு எல்லை திறந்து கிடந்தது.

எல்லையின் விலை பேராக்கிலேயே தெரியவந்தது. சின் பெங் 1953லேயே தன் தலைமையைத் தாய்லாந்தின் பெத்தோங் காடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார். மிஞ்சியவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். அங்கே அரிசி சந்தையில் கிடைத்தது. 1968 ஜூன் 17, முதல் போர் தொடங்கி ஏறக்குறைய சரியாக இருபது ஆண்டு. குரோ–பெத்தோங் சாலையில், இன்றைய பெங்காலான் ஹுலு அருகே, பதுங்கித் தாக்கியதில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் செத்தார்கள். இரண்டாவது கிளர்ச்சி தொடங்கியது. 1974இல் கெரிக்கில் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை போட வந்த இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். 1975 நவம்பரில் பேராக் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போ நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்கள் முன்பைவிடக் குறைவு, ஆதரவு இன்னும் குறைவு. அப்படியும் அது 21 ஆண்டு நீடித்தது. தாய்லாந்தோடு சேர்ந்து கூட்டு நடவடிக்கைகள் நடந்தன. ஆனால் எல்லைக்கு அப்பால் ஒரு கடைக்காரரைத் தகர டப்பாவில் துளை போடச் சொல்ல கோலாலம்பூரால் முடியவில்லை.

சண்டையால் அது முடியவுமில்லை. சீனா உதவியைக் குறைத்தது, தாய்லாந்து நடுவில் நின்று பேசியது. 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறக்குறைய 1,200 பேர் ஆயுதங்களை அழித்துவிட்டு வெளியே வந்தார்கள். தாய்லாந்து அவர்களுக்குக் காட்டோரத்தில் நிலம் கொடுத்தது. பலர் அதில் ரப்பர் நட்டார்கள்.